அத்தை மாநிறமான நாள்

பெரிய அத்தை பிறக்கும்போதே வெள்ளையாகப் பிறந்தவள். பெண் பார்க்க வருகிறவர்கள் மெச்சிக்கொள்ளும் சிவப்பைச் சொல்லவில்லை. தலைமுடி, புருவம், இமை எல்லாமே சோளநார் நிறத்தில் இருக்கும். கொஞ்ச நேரம் வெயிலில் நின்றால் தோல் கன்றிப்போகும். மாமல்லபுரத்தில் எத்தனையோ வெள்ளைக்காரர்கள் நடமாடினார்கள். அவர்களை யாரும் வெறித்துப் பார்த்ததில்லை. அத்தை தெருவில் இறங்கினால் மட்டும் சைக்கிளில் போகிறவர்கள்கூடக் காலை ஊன்றி நின்றுவிடுவார்கள். அதனால் அவள் வீட்டுக்குள்ளேயே தையல் மிஷினோடு இருந்தாள்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது சின்ன அத்தைக்குக் கருங்குழியில் மாப்பிள்ளை அமைந்தது. பெண் பார்க்கும் சடங்கைச் செங்கல்பட்டில் ஒரு உறவினர் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். எங்கள் வீடு சிறியது என்று அப்பா காரணம் சொன்னார். தனக்கு ஒரே தங்கைதான் என்று அவர் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கல்யாணத்தன்றும் பெரிய அத்தை வருவதாக இல்லை.

"எல்லாரும் கெளம்பிட்டா வூட்ட யாரு பாத்துக்கறது? நீ இரும்மா," என்று அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

 அன்றிலிருந்து அத்தை நிறம் தேட ஆரம்பித்தாள். டீத்தூளைக் கொதிக்கவைத்துப் பூசினாள்; ஒரு குளியலில் போய்விட்டது. மருதாணி கையைச் சிவப்பாக்கியதே தவிரக் கறுப்பாக்கவில்லை. நாடகக்காரர்கள் பூசும் மாவு வியர்வையில் பாளம் பாளமாக வெடித்தது. கடற்கரைக் கடையில் யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன நிறக் களிம்பென்று விற்ற ஒரு டியூபைத் தடவியபோது முழங்கை மாம்பழ மஞ்சளாகிவிட்டது. அது மங்கும்வரை முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு தைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கவுன் தைக்கக் கொடுத்திருந்த ஒரு வெள்ளைக்காரம்மா வந்தாள். முதல் நாள் பால்போல் இருந்தவள், கவுனை வாங்க வந்தபோது எங்களைப்போல் மாநிறமாக இருந்தாள். அத்தை ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். வாடிக்கையாளர்களிடம் பழகிக் கற்ற இங்கிலீஷில் விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. அந்த அம்மாவும் வெயிலில் சிவந்து தோல் உரிகிறவள்தான். வெயிலுக்கே போகாமல் நிறம் வர ஒரு களிம்பு இருந்தது. பல களிம்புகளைப் போட்டுப் பார்த்துச் சலித்து, ரொம்ப வெளுத்த தோலுக்கு இது ஒன்றுதான் மஞ்சளாகாமல் ஒத்துவந்தது என்றாள். அவள் ஊரில் கறுப்பது அழகாம். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களாம்.

மிச்சமிருந்த பாட்டிலை அவள் அத்தைக்கே கொடுத்துவிட்டாள். ஒரு வாரத்தில் நிறம் போய்விடும் என்று எச்சரித்தாள்.

"ஒரு நாள் போதும்டி எனக்கு," என்றாள் அத்தை என்னிடம், அந்த அம்மா போன பிறகு.

பீர்க்கங்காய் நாரால் உடம்பைத் தேய்த்துக் குளித்துவிட்டு, கல்யாணத்துக்கு முந்தைய மாலைகளில் அத்தை அதைப் பூசிக்கொண்டாள். முதுகுக்கு நான் பூசினேன். பிஸ்கட் வாசனை அடித்தது. வீட்டில் எல்லோரும் கல்யாண வேலையில் இருந்ததால், கதவைச் சாத்திக்கொண்டு தைக்கிற அத்தையை யாரும் கவனிக்கவில்லை.

கல்யாணத்தன்று காலை, மை தீட்டிய புருவமும் சாயம் போட்ட தலையும் தடித்த மூக்குக்கண்ணாடியுமாக, மாநிறத்தில், பச்சைப் புடவையில் அவள் வெளியே வந்து நின்றாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேன்ல ஏறு," என்றார் கடைசியில். "யாராச்சும் கேட்டா..."

"நான் பாத்துக்கறேண்ணா."

கருங்குழி மண்டபத்தில் அத்தை கூட்டத்தின் நடுவில் நின்று தங்கைக்குத் தாலி ஏறுவதைப் பார்த்தாள். அட்சதை போட்டாள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பந்தியிலிருந்து நான் அவளை விட்டு நகரவே இல்லை. கை கழுவும் இடத்தில் மாப்பிள்ளையின் அம்மா அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீ பொண்ணுக்கு இன்னா வேணும்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தையின் விரல்கள் என் தோளை அழுத்தின.

"டைலருங்க. பொண்ணு போட்டுகினு கீற ஜாக்கெட்டு நான் தச்சதுதான்."

"சோக்கா கீதும்மா. எம் பொண்ணுக்கும் ஒண்ணு தச்சுக் குடு."

"சரிங்கம்மா," என்றாள் அத்தை.

சாப்பாடு முடிந்து வேனில் திரும்பும்போது அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். செங்கல்பட்டு தாண்டியதும் என் பக்கம் குனிந்தாள்.

"ஒருத்தர்கூட என்னத் திரும்பிப் பாக்கலடி," என்றாள். அவள் கண்ணாடிக்குள் கண்ணீர் நிறைந்திருந்தது.

எனக்கு அந்தத் துக்கம் நன்றாகப் புரிந்தது. புதுப் பட்டுப் பாவாடையை எல்லோரும் பார்க்கவேண்டும் என்று நானும் காலையிலிருந்து மண்டபத்தை எத்தனையோ முறை சுற்றிவந்திருந்தேன், ஒருவரும் பார்க்கவில்லை.

"அழுவாத அத்த. அடுத்த கல்யாணத்துல எல்லாரும் ஒன்னையே பாப்பாங்க," என்றேன்.

அத்தை என்னையே பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவளைச் சிரிக்க வைத்துவிட்ட பெருமையோடு அவள் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனேன்.