மூன்று கிலோ

வியாழன் கோளுக்கு அனுப்பவிருக்கும் ஆளில்லா விண்கலத்தின் எடைப் பட்டியலை மறுபடியும் திருத்திக்கொண்டிருந்தபோது செஞ்சியிலிருந்து போன் வந்தது. மேகலாவின் தம்பி. “சார், அக்கா பூட்டாங்க சார்” என்றார். மேகலா இறந்துவிட்டார். என் முன்னால் இருந்த பட்டியலே மேகலா தயாரித்ததுதான்.

பன்னிரண்டு வருடமாக அந்தக் கலத்தை வரைகிறோம், அழிக்கிறோம், திரும்ப வரைகிறோம். இன்னும் ஒரு திருகாணிகூட முடுக்கவில்லை. எல்லோரும் அலுத்துப்போன பிறகும் மேகலா மட்டும் கிராம் கிராமாகக் கணக்குப் பார்ப்பார். இந்த அஞ்சலியைப் படிக்கும், அவருடன் வேலை பார்த்த உங்களுக்குத் தெரியாததா? யாராவது புதிதாக எதையாவது சேர்க்கச் சொன்னால், “எங்க ஊர் கோட்டைக்கு ஒருவாட்டி வாங்க சார். எல்லாத்தையும் தூக்கினு ஏறனா பாதியிலயே குந்திடுவீங்க” என்பார். சிரித்துக்கொண்டே சொல்வார், ஆனால் சேர்க்க மாட்டார்.

போன வருடம் ராக்கெட் தூக்கக்கூடிய அளவை எங்கள் கலம் மூன்று கிலோ தாண்டிவிட்டது. எங்கள் தொழிலில் அவரவர் கருவியின் எடையைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வோம், பின்னால் உதவும் என்று. மேகலா ஒவ்வொரு மேசையாக வந்தார். “உள்ள இன்னா ஒளிச்சு வச்சிருக்கீங்க? சொல்லிடுங்க சார்.” கேமரா என் பொறுப்பு. ஒன்றும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “சரி சார்” என்று போய்விட்டார்.

மறுநாள் கூட்டத்தில், வியாழனின் காந்தப்புலத்தை அளக்கும் கருவியை எடுத்துவிடலாம் என்று அவரே சொன்னார். அது அவருடைய கருவி, ஒன்பது வருட உழைப்பு. என் கேமராவில் நான் கூட்டிச் சொல்லியிருந்தது மூன்று கிலோவுக்கும் மேல். வாயைத் திறக்கவில்லை.

நோயோடு அவர் ஊருக்குப் போய்விட்ட பிறகு, உண்மையைச் சொல்லிவிடத்தான் செஞ்சிக்குப் போனேன். மிகவும் இளைத்திருந்தார். “கெளம்பினா போய்ச் சேரவே எட்டு வருஷம் ஆவும். நான் அதெல்லாம் பாக்கப்போறதில்ல. உங்க கேமரா நல்லா படம் புடிக்கட்டும் சார்” என்றார். காபியைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். என்னைப்போல் ஒரு கோழை இருக்க முடியாது.

நேற்று கேமராவின் சரியான எடையை எழுதிக்கொடுத்தேன். மேகலாவின் கருவி மறுபடியும் பட்டியலில் ஏறியிருக்கிறது. இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் “சரி சார்” ஒன்றுதான். அன்றே அவருக்குத் தெரிந்திருந்தது.