பங்களா மேட்டில் ஒரு பிடி மண்

துரை பங்களாவின் முன்வாசல் திறந்து கிடந்தது. யார் வேண்டுமானாலும் போகலாமாம். ஆனாலும் என் கால்கள் தாமாகவே பின்பக்கக் குசினி வழிக்குத் திரும்பின. வாசலில் நின்ற மலாய்க்காரக் காவலாளி கைதட்டிக் கூப்பிட்டு முன்வழியைக் காட்டினார். வழி தெரியாத கிழவி என்று நினைத்திருப்பார். தோட்டக் கூலிகளான லயத்து ஆட்கள் முன்வாசலில் காலெடுத்து வைத்ததே கிடையாது என்று ஊரில் இதைப் படிப்பவர்களுக்கே சொல்லித்தான் புரியவைக்க வேண்டும். அவருக்கு எப்படிச் சொல்வது? வெள்ளைக்காரன் காலத்து மேட்டு பங்களா இப்போது கலைப் பூங்கா. புல்வெளி நெடுகச் சிற்பங்கள்.

நான் சிற்பம் பார்க்கப் போகவில்லை. என் மகள் செல்வியை அங்கேதான் புதைத்திருந்தோம். நாமக்கல் பக்கம் என் தம்பி வீட்டுக்கே திரும்பிவிடுவதென்று முடிவாகி, கப்பலேற ஒரு வாரம்தான் இருந்தது. பிள்ளை கிடக்கும் இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவரச் சொல்லியிருந்தார் என் வீட்டுக்காரர். முட்டிவலியால் மேடேற முடியாமல் அவர் கீழே, பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஊரில் பிள்ளை செத்தால் ஏரிக்கரையில் புதைப்போம். யாரையும் கேட்க வேண்டாம், தெருவே வந்து நிற்கும். இங்கே செல்வி காய்ச்சலில் போன அன்று விடாத மழை. மலை சரிந்து இடுகாட்டுப் பாதை அடைபட்டுவிட்டது. என் வீட்டுக்காரர் அப்போது பங்களாத் தோட்டக்காரர். துரை சீமைக்குப் போயிருந்தார். "தொர வர்றதுக்குள்ள புல்லு மூடிரும். பைன் மரத்தடியில வச்சுருங்க, நான் ஒண்ணும் பாக்கல" என்றார் கங்காணி. கல்கூட நடவில்லை, மரம்தான் அடையாளம். அதற்குப் பிறகு எனக்குப் பிள்ளை நிற்கவில்லை. எழுபதுகளில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கெடுபிடி வந்து பாதி லயம் கப்பலேறியபோதும் நான் அசையவில்லை. "புள்ளைய விட்டுட்டு எங்கங்க போறது?" என்று ஒரே பிடியாக நின்றேன். இப்போது உடம்பு முடியாமல் என் வீட்டுக்காரர் வேலை நின்றது. லயத்து வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

மேலே போனால் மரம் இல்லை. மேட்டை வழித்துச் சமமாக்கிப் புல் பதித்திருந்தார்கள். அந்தப் பக்கமாக ஆளுயர இரும்பு வளையம் ஒன்று நின்றது. அதற்குள் நின்று சிரித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தது ஒரு குடும்பம். கீழே தெரிந்த லயத்துக் கூரையை வைத்துக் கணக்குப் போட்டு, இங்கேயா அங்கேயா என்று நடந்து நடந்து பார்த்தேன். பிடிபடவில்லை. பெற்ற வயிற்றுக்குத் தெரிய வேண்டாமா? என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

கடைசியில் ஓரிடத்தில் உட்கார்ந்து புல்லைப் பிய்த்தேன். காவலாளி ஓடிவந்தார். கொஞ்சம் மண் வேண்டும் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். எதற்கென்று சொல்ல வாய் வரவில்லை. கையில் இருப்பதோ குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டை; கேட்காமல் புதைத்த கதையை எந்தத் தைரியத்தில் சொல்வது? அவர் முகம் இளகிவிட்டது. பெரியம்மா என்பதுபோல் மலாயில் 'மக்சிக்' என்று கூப்பிட்டார்.

"பூச்செடி வைக்கவா, மக்சிக்? நல்ல மண்ணு லா. பக்கத்துல திரிங்காப் ஊர்ல இருந்து லோரியில வந்தது. இங்க இருந்த பழைய மண்ணு சுத்த மோசம், எல்லாத்தையும் வாரிட்டுப் போயிட்டாங்க."

"எங்கே?" என்றேன்.

"யாருக்குத் தெரியும்? ஏதாவது ரோட்டுப் பள்ளத்துல கொட்டியிருப்பாங்க."

சொல்லிவிட்டு, மண்வெட்டி கொண்டுவந்து ஒரு பிளாஸ்டிக் பை நிறைய மண் அள்ளிக் கொடுத்தார். நல்ல மனிதர். திட்டி விரட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். செத்த அன்று வராத அழுகையெல்லாம் அந்த மேட்டிலிருந்து இறங்கும்போது வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் பஸ் நிற்கும் இடத்தில் இருந்த என் வீட்டுக்காரரிடம் போனேன்.

"கெடைச்சுச்சா?"

"கெடைச்சுச்சுங்க."

"மரம் இருக்கா?"

"இருக்கு."

பையை இரண்டு கையாலும் வாங்கினார். "நம்ம ஊரு மண்ணோட கலந்து வச்சுருவோம். இனிமே புள்ள நம்மகூடத்தான்" என்றார். ஒரு விரலால் மண்ணைத் தொட்டுத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டார். பிறகு அதே விரலை என் பக்கம் நீட்டினார்.

நான் நெற்றியைக் காட்டினேன்.