ஞானம்மா அக்காவும் ஓட்டல் மாடித் தளமும்

ஞானம்மா அக்கா போய்விட்டாள். காலையில் அவள் மகன் நாகர்கோவிலில் இருந்து போன் செய்தான்.

கண் சரியில்லை, வாய்ஸ் டைப்பிங்கில்தான் போடுகிறேன்... பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைத்தெருவில் முகப்பில் ஐந்து வளைவு வைத்த அந்தப் பழைய ஓட்டலை உங்களில் பலர் போட்டோ எடுத்துப் போடுகிறீர்கள். அதன் மாடித் தளம் நாங்கள் பன்னிரண்டு சித்தாள் பெண்கள் அடித்தது.

நம் ஊர் மெட்ராஸ் மாநிலத்தோடு சேர்வதற்கு முந்தைய வருஷம், 1955. எனக்குப் பதினெட்டு, அக்காவுக்கு இருபத்தைந்து. எங்களுக்கு அவள்தான் லீடர்.

தேக்கு உத்தரம், அதன்மேல் சாய்த்து அடுக்கிய செங்கல், அதற்கும் மேலே சுண்ணாம்பும் ஜல்லியும். கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் மதியம் வேளிமலைப் பக்கம் வானம் கறுத்து மழை இறங்கியது. கான்ட்ராக்டர் கீழே இருந்து கத்தினார். "எல்லாரும் எறங்குங்க! தளம் போச்சு. பெயர்த்துட்டு வேற ஆள வச்சுப் போட்டுக்கிடலாம்."

"ஏட்டி, ஒருத்தியும் எறங்காண்டாம்" என்றாள் அக்கா. "ஓலையக் கொண்டா!"

ஆறு பேர் முடைந்த ஓலையைத் தலைக்குமேல் பிடித்தோம். ஆறு பேர் அதன் கீழே குனிந்து அடித்தார்கள். கை மரத்ததும் ஆள் மாறினோம். மழை விடும்வரை... ஒருத்தியும் இறங்கவில்லை.

தளம் காய்ந்தபின் கான்ட்ராக்டர் அதில் தண்ணீர் கட்டி வைத்துப் பார்த்தார். கீழே ஒரு சொட்டு இறங்கவில்லை. அக்கா போட்ட குலவை தெருமுனை வரைக்கும் கேட்டது!

திறப்பு விழா அன்று மேனேஜர் எங்களை வாசலில் மறித்தார். "உங்களுக்குச் சாப்பாடு பின்பக்கம்."

அக்கா நகரவில்லை. "நாங்க அடிச்ச தளத்துக்குக் கீழ இருந்து நாங்களே காப்பி குடிச்சா என்ன, இடிஞ்சா விழும்?"

சத்தம் கேட்டு முதலாளி வெளியே வந்தார். அக்காவைப் பார்த்தார். கட்டை பிடித்து அவள் கையில் பட்டிருந்த காயத்தையும் பார்த்தார்.

"உள்ள வாங்க பிள்ளையளே" என்றார். மேனேஜரிடம், "அவியளுக்கு மொதல்ல வை."

மார்பிள் மேஜையில் பன்னிரண்டு பேரும் வரிசையாக இருந்தோம். காப்பி வந்தது. அக்கா டம்ளரைக் காலி செய்துவிட்டு சர்வரை நிமிர்ந்து பார்த்து, "இன்னொண்ணு கொண்டா" என்றாள்.

எங்கள் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது...

நாளை பத்து மணிக்கு அடக்கம். வீல்சேரில் வந்துவிடுவேன், அக்கா.