சூடு போடாத தோல்

ஆம்பூரில் ஒரு வாத்தியார் அணுவை உடைத்துவிட்டாராம். பினாங்குக்கு வந்த தோல் தரகர் ஒருவர் இப்படிச் சொன்னதாக, அவரோடு கப்பலில் வந்தவர் எனக்குச் சொன்னார். இரண்டு வாய் மாறி வந்த செய்தி. மனசு கேட்காமல் ஊருக்குக் கடிதம் எழுதி விசாரித்தேன். உடைந்தது என்னவோ உண்மைதான். உடைந்தது ஒரு சாக்பீஸ்.

வாத்தியார் பெயர் ரத்தினசாமி, பி.ஏ., எல்.டி. வேலூரில் தாம் படித்த காலத்துப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு பதினைந்து வருஷமாக அதே விஞ்ஞானத்தை ஓட்டி வந்தவர். மனைவி பட்டம்மாள் உப்பு வாங்கிவரச் சொன்னால்கூட "சோடியம் குளோரைடா?" என்று திருப்பிக் கேட்பார். 1936இல் சென்னைக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர் வேலை காலியாயிற்று. அதைப் பிடிப்பதற்காக அணுவைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதிச் சென்னை அச்சகத்துக்கு அனுப்பினார். புதன்கிழமை அது கல்லூரிக் கமிட்டியின் மேஜைமேல் இருக்க வேண்டும்.

முந்தின சனிக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் ஊராருக்கு அதையே பிரசங்கம் செய்தார். ஒவ்வொரு அணுவுக்கும் மேலே ஓர் எண், எடை. கீழே ஓர் எண், மின்னேற்றம். இரண்டு அணுக்கள் மோதினால், முன்னும் பின்னும் மேல் எண்களின் கூட்டுத்தொகை மாறாது. கீழ் எண்களுடையதும் மாறாது. விட்டுப்போன துகளை அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். விதியைச் சரியாகத்தான் சொன்னார். பிறகு பெரிலியத்தை ஹீலியம் மோதினால் கார்பன் வரும் என்று எழுதினார். மேலே ஒன்பதும் நாலும் பதின்மூன்று, கார்பன் பன்னிரண்டு, பாக்கி ஒன்று. "ஆகவே, பறந்துபோனது புரோட்டான்" என்று அடியில் இரண்டு கோடு இழுத்தார். அவருடைய புத்தகத்தில் எது பறந்தாலும் புரோட்டான்தான்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். வேலாயுதம், அப்துல் சமத் சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் தோல் எண்ணுகிறவர். அங்கே ஒவ்வொரு சுண்ணாம்புத் தொட்டியருகிலும் இரண்டு கயிறு தொங்கும். மேல் கயிற்றில் தொட்டிக்குள் போகும் ஒவ்வொரு தோலுக்கும் ஒரு முடிச்சு. கீழ்க் கயிற்றில், மாட்டுக்குச் சூடு போட்ட தழும்புள்ள தோலுக்கு மட்டும். வெளியே எடுக்கும்போது இரண்டு கயிறும் ஒத்துவர வேண்டும். மேல் கயிறு மட்டும் ஒத்துவந்தால் யாரோ தோலை மாற்றிவிட்டான் என்று பொருள்.

"சார், கீழ்க் கயிறு இடிக்குதே. உள்ள போனது பெரிலியத்துக்குக் கீழ நாலு, ஹீலியத்துக்குக் கீழ ரெண்டு, ஆக ஆறு. கார்பன்லயே ஆறு வந்துடுச்சி. உங்க புரோட்டானுக்குக் கீழ இருக்கற ஒண்ணயும் சேத்தா ஏழு. சூடு போட்ட தோலு ஒண்ணு ஜாஸ்தி."

"தோல் எண்றவனுக்கு இங்க இன்னாய்யா வேலை?"

ஹால் சிரித்தது.

"எண்ற வேலைதான் சார். பறந்தது ஒரு தோலுதான். ஆனா சூடு போடாத தோலு."

"அப்படி ஒரு துகளே கிடையாது. என் புத்தகத்துல இல்ல."

"புத்தகம் எந்த வருஷத்துது சார்?"

அப்போதுதான் சாக்பீஸ் உடைந்தது.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் கதவைச் சாத்திக்கொண்டு கீழ் எண்களைக் கூட்டினார். ஏழுதான் வந்தது. பள்ளிக்கூடத்துக்குத் தபாலில் வந்து, உறை பிரிக்காமலே அவர் அலமாரியில் அடுக்கிவைத்திருந்த விஞ்ஞானப் பத்திரிகைகளைப் பிரித்துப் பார்த்தார். மேலே ஒன்று, கீழே சைபர். அந்தத் துகளுக்கு நியூட்ரான் என்று பெயர் வைத்தே நாலு வருஷமாகியிருந்தது.

திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குப் புத்தகம் அச்சேறும். அவருக்கு எட்டக்கூடிய டெலிபோன் சாயபுவின் ஆபீசில் இருந்தது ஒன்றுதான். "வேலாயுதம், சாருக்கு மெட்ராஸ் லைன் கேட்டுக் குடு" என்று சொல்லிவிட்டுச் சாயபு தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

வேலாயுதம் நம்பரைச் சொல்லி வாங்கி, ரிசீவரை நீட்டினார்.

"அச்சாபீசுக்கா சார்?"

"சும்மா. காகிதம் வந்துச்சான்னு கேக்க."

"கேளுங்க. அப்படியே கீழ இருக்கற ஒண்ண அடிச்சுட்டு சைபர் போடச் சொல்லிடுங்க."

ரத்தினசாமி காதில் விழாதவர்போல ரிசீவரை அழுத்திக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. சென்னை அச்சகத்தில் டெலிபோன் மணி அடித்துக்கொண்டே இருந்தது.