முப்பத்திரண்டில் நின்ற எண்

அயனம்பாக்கம் துலுக்கானம் பொட்டு வைக்க ஆரம்பித்தால், அவரை நிறுத்த மிலிட்டரிதான் வரவேண்டும். ஆயுத பூஜைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் எல்லாப் பட்டறையிலும் மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். எங்கள் பட்டறையில் அந்த வேலை அவருடையது. லேத், டிரில்லிங் மெஷின், தண்ணீர் மோட்டார், ஓனர் மனோகரனின் ஸ்கூட்டர் என்று வரிசையாக வைத்துக்கொண்டே போவார். ஒரு வருஷம் கேட்டருகே அசந்து தூங்கிய நாய்க்கும் வைத்துவிட்டார். அது ஒரு வாரம் யாரையும் பார்த்துக் குரைக்காமல் சாமியார் மாதிரி திரிந்தது.

ஏரிக்கரை வயலில் கூலிவேலை செய்த குடும்பம். வயலெல்லாம் வீட்டுமனை ஆனதும் சைக்கிள் மிதித்து எஸ்டேட்டுக்கு வந்து ஹெல்பராகச் சேர்ந்தார். "சோறு போட்ற சாமான் ஒண்ணையும் உடக்கூடாது" என்பது அவர் கட்சி.

தொண்ணூற்றெட்டில் மனோகரன் ஒரு லேப்டாப் வாங்கினார். பெயர்தான் மடியில் வைப்பது. வைத்தால் தொடை நசுங்கிவிடும், அம்மிக்கல் கனம். பெரிய டிராயிங் திறக்க அதன் மெமரி போதவில்லை. முப்பத்திரண்டு எம்பிதான் இருந்தது. பூந்தமல்லியில் புதிதாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட்டிருந்த கலீல் ரகுமானைத் துலுக்கானம்தான் கூட்டிவந்தார். கலீல் லேப்டாப்பைக் கவிழ்த்து, அடியில் இருந்த சின்ன மூடியைக் கழற்றி, விரல் நீள மெமரித் துண்டு ஒன்றைச் சொருகினார். ஆன் செய்ததும் திரையில் எண் ஓடி அறுபத்துநாலில் நின்றது.

"இத்துனூண்டுதான் மூளையா, பாய்?" என்றார் துலுக்கானம்.

"பாதி மூளை, அண்ணாத்தே. மீதிப் பாதி உள்ளயே ஒட்டிக்கினு கீது."

மறுநாள் ஆயுத பூஜை. "எதையும் விடாம பொட்டு வை" என்று சொல்லிவிட்டு மனோகரன் பூ வாங்கப் போனார்.

பூஜை லீவு முடிந்த காலை, கார் கம்பெனி அதிகாரிகள் டிராயிங் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். மனோகரன் லேப்டாப்பை ஆன் செய்தார். எண் ஓடியது. முப்பத்திரண்டில் நின்றுவிட்டது. டிராயிங் பாதி திறந்து, அப்படியே உறைந்துபோனது.

போன் போட்டதும் கலீல் பறந்து வந்தார். மனோகரன் முகம் கொல்லன் உலை மாதிரி இருந்தது.

"டூப்ளிகேட் துண்டச் சொருகிட்டுப் போயிட்டியா, பாய்? இந்த எஸ்டேட்ல இனிமே ஒருத்தன் உன்னக் கூப்பிட மாட்டான். நான் பாத்துக்கறேன்."

கலீல் எஸ்டேட் வேலையை நம்பித்தான் கடையே போட்டிருந்தார்.

துலுக்கானம் குறுக்கே வந்தார். "நான் இட்டாந்த ஆளு, சார். அவரு திருடன்னா நானும் திருடன்."

"அப்ப ரெண்டு பேரும் கிளம்புங்க."

"ஒரு நிமிஷம் தொறந்து பாத்துடறேன், சார்" என்றார் கலீல். "சில மிஷினு இவ்ளோ மெமரிய ஏத்துக்காது. இது அன்னிக்கு முழுசா காட்டுச்சு, அதனால அது இல்ல. துண்டு செத்திருக்கணும். இல்ல, சரியா ஒக்காராம இருக்கணும்."

பேட்டரியை எடுத்தார். மூடியைக் கழற்றினார். துண்டை வெளியே இழுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

துண்டின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் தங்கநிறப் பல்லின் மேல் மஞ்சளாக ஏதோ காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. நட்ட நடுவில் சிவப்புப் புள்ளி.

கலீல் துலுக்கானத்தைப் பார்த்தார். துலுக்கானம் தரையைப் பார்த்தார்.

"இன்னா அது?" என்றார் மனோகரன்.

"தூசு, சார்" என்றார் கலீல். "ஒரு ரப்பர் குடுங்க."

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. துலுக்கானம் பேசாமல் இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். அந்த வாய்தான் சும்மா இருக்காதே.

"தூசு இல்ல, சார். சந்தனம். நான்தான் மூடியக் கயட்டி, துண்ட உருவி வெச்சுட்டு மறுபடி சொருவினேன். மூஞ்சிக்கு வெச்சுட்டு மூளைக்கு வெக்காம உட்டா அது இன்னா பூஜ? பாய் மேல ஒரு தப்பும் இல்ல."

மனோகரன் வாயைத் திறந்தார். எதையும் விடாதே என்று சொன்ன வாய் அது. மூடிக்கொண்டார்.

கலீல் ரப்பரால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தார். துண்டு உட்காரும் இடத்தைச் சின்ன பிரஷால் தட்டினார். சொருகி அழுத்தினார். டக் என்றது. வாசலில் பூட்ஸ் சத்தம். ஆன் செய்தார்.

எண் ஓடியது. இருபது. முப்பது. துலுக்கானம் மூச்சை நிறுத்தினார். அவர் இழுத்து வைத்திருந்த காற்றில் லாரி டயருக்கே அடித்திருக்கலாம். முப்பத்திரண்டைத் தாண்டி, நிற்காமல், அறுபத்துநாலு.

அதிகாரிகள் உள்ளே வரும்போது டிராயிங் முழுசாகத் திறந்திருந்தது. மனோகரன் மன்னிப்பெல்லாம் கேட்கும் ஆள் இல்லை. கலீலின் தோளைப் பிடித்து இழுத்து, "இவருதான் நம்ம கம்ப்யூட்டர் பாய். உங்களுக்கும் தேவைப்படுவாரு" என்று அவர்களிடம் காட்டினார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு யாரும் கூப்பிடாமலே கலீல் வந்து லேப்டாப்புக்குக் காவல் உட்கார்ந்தார்.

"வெளிய ஒரு பொட்டு வெச்சுக்க, அண்ணாத்தே. அடி மூடியத் தொறக்காத."

துலுக்கானம் வெளியே வைத்தார். பிறகு அவர் கண் கலீல் சட்டைப்பையில் இருந்த ஸ்க்ரூ டிரைவருக்குப் போனது.

"அதுவும் சோறு போட்றதுதான, பாய்?"

கலீல் கொஞ்சம் யோசித்தார். பிறகு முனையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை மட்டும் நீட்டினார்.