என் பிள்ளையைப் படிக்க வந்த பெண்

1958-ஆம் வருடம், சித்திரை வெயில் கொளுத்திய நாட்களில் நடந்தது இது. பாகூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம்தான் நான் வாழ்க்கைப்பட்ட ஊர். நெல்லும் கரும்பும் பயிரிடுகிற குடும்பம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மூத்தவன் பிறந்து ஒரு வருடம் தாண்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தான்.

ஒருநாள் பஞ்சாயத்து வேலையாகக் கொம்யூன் ஆபீசுக்குப் போய்விட்டு வந்த மாமனார், கால் கழுவிக்கொண்டே சொன்னார்:

"கடலூர்ல என் கூட்டாளி பொண்ணு மெட்ராஸ்ல காலேஜ் படிக்குது. லீவுல கொஞ்ச நாள் நம்ம வூட்ல வந்து தங்கணுமாம். கொழந்த எப்படி வளருது, குடும்பம் எப்படி நடக்குதுன்னு பாக்கறதுதான் படிப்பாம்."

மாமியாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இதப் படிக்கவா அவ்ளோ தூரம் போச்சு? இன்னா படிப்போ, போ!"

அந்தப் பெண் வந்து இறங்கினாள். என் வயதுதான் இருக்கும். ஒற்றைப் பின்னல், தோளில் ஒரு பை, வெயிலில் கன்றிப்போன முகம். மனையியல் படிப்பாம். அதில் குழந்தை வளர்ச்சி, குடும்ப வாழ்க்கை என்று தனியாக ஒரு பாடம் உண்டாம். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் தங்கிப் பார்த்து எழுதிக்கொண்டு போய்க் காட்ட வேண்டுமாம். என்னை "அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். எனக்கோ உள்ளுக்குள் எரிச்சல். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். என் பிள்ளை தவழ்வதையும் சோறு துப்புவதையும் பார்த்து எழுதி ஒருத்தி பட்டம் வாங்கப்போகிறாள் என்றால் மனசு எப்படி இருக்கும்?

ஆனால் அவள்மேல் ரொம்ப நாள் கோபமாக இருக்க முடியவில்லை. கிணற்றடியில் நான் துணி துவைத்தால் கூடவே வந்து அலசினாள். பூரணாங்குப்பத்திலிருந்து மீன்கார அம்மா கூடையோடு வந்தால், எந்த மீனைக் குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று அந்த அம்மாவிடமே உட்கார்ந்து கேட்டாள். பையனோடு தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அவனைப்போலவே தவழ்ந்து காட்டினாள். அதைப் பார்த்து மாமியார் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

ஒருநாள் மத்தியானம் மாமனாரும் என் வீட்டுக்காரரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கதவோரம் நின்று, சாதாரணமாகத்தான் கேட்டாள். "வீட்ல யார் யார் தம்பிகூட எவ்வளவு நேரம் இருக்காங்கன்னு எழுதணும். அண்ணா, நீங்க அவனை எப்போ தூக்குவீங்க?"

என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். பிறகு பாதியில் எழுந்து கை கழுவிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

மாமியார்தான் சொன்னார்: "பெத்தவங்க எதிர்ல எவனாச்சும் புள்ளையத் தூக்கிக் கொஞ்சுவானா? நல்லா கேட்ட போ!"

உண்மைதான். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். தாய் தகப்பன் எதிரே சொந்தப் பிள்ளையைத் தொட்டுத் தூக்குவது மரியாதைக் குறைவு, வெட்கக்கேடு. கூட்டுக்குடும்பத்தில் எந்நேரமும் பெரியவர்கள் எதிரேதானே இருப்பார்கள்? யாரும் இல்லாத நேரம் பார்த்து என் வீட்டுக்காரர், தூளிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குட்டிக்காலை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போவார். நான் அடுப்படியிலிருந்து பார்ப்பேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டேன். அவ்வளவுதான் அவருக்கும் அவர் பிள்ளைக்கும் இருந்த உறவு.

அதற்கப்புறம் இரண்டொரு நாளில் பையனுக்குக் காய்ச்சல் கண்டது. காலையில் லேசாக இருந்தது, வெயில் ஏற ஏற அனலாகக் கொதித்தது. வாசலில் ஊர்ப் பெரியவர்கள் சிலர் மாமனாரோடு ஏரித்தண்ணீரை யார் எப்போது பாய்ச்சுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஓரமாக நின்றிருந்தார். உள்ளே என் மடியில் கிடந்த பிள்ளை திடீரென்று விறைத்தான். கண் மேலே சொருகியது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. நான் அலறிவிட்டேன்.

"சாவி கொண்டாங்க, இரும்புச் சாவி! கையில குடுங்க!" என்று மாமியார் பதறினார். அந்தப் பெண் ஓடிவந்து பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து ஈரத்துணியால் துடைத்தாள். "பாடத்துல வலிப்புன்னு படிச்சிருக்கேன் அக்கா, பாத்ததில்ல" என்று அழுதுகொண்டே சொன்னாள்.

அப்போதுதான் அவர் பெரியவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளையை வாரி எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு வெளியே ஓடினார்.

"வண்டி கட்டட்டும்டா, இருடா!" என்று மாமியார் கத்தியது அவர் காதில் விழவில்லை.

கரும்புக்கொல்லை வரப்பில் அவர் ஓட, பின்னால் அவிழ்ந்த கூந்தலோடு நான். கையில் தண்ணீர்ச் செம்போடு அந்தப் பெண். செருப்பில்லாத காலில் வரப்பு மண் சுட்டது அப்போது தெரியவில்லை. பாதி வழியில் பிள்ளைக்கு இழுப்பு நின்று, உடம்பு துவண்டு தொங்கிவிட்டது. அவர் நின்றுவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. பிள்ளையின் மார்பில் காதை வைத்துப் பார்த்தார். ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். அந்தப் பெண் மூக்கருகே கை வைத்துப் பார்த்துவிட்டு, "மூச்சு இருக்கு, ஓடுங்க அண்ணா, ஓடுங்க!" என்று கத்தினாள். செம்புத் தண்ணீரில் துணியை நனைத்து அவன் தலையில் போட்டாள். மறுபடி ஓட்டம்.

பாகூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசி போட்டு, உடம்பெல்லாம் துடைக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "காய்ச்சல் வேகத்துல வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு வரும். இனிமே பயமில்ல" என்றார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளை அவர் மடியில்தான் கிடந்தான். மெல்லக் கண்ணைத் திறந்தான். எதிரே குனிந்திருந்த மீசை முகத்தைப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். அப்புறம் வீறிட்டு அழுதான் பாருங்கள், யாரோ பிள்ளை பிடிக்கிறவன் கையில் மாட்டிக்கொண்டதுபோல! முதுகை வளைத்துத் திமிறி, என்னைப் பார்த்துக் கையை நீட்டினான்.

அவர் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, காலியான தன் கைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இவனுக்கு நான் யாருன்னே தெரியலியே" என்றார்.

அந்தப் பெண் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரம் மாமனார் மாட்டுவண்டியில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டார். வீட்டு வாசலில் தெருவே கூடி நின்றது. என் வீட்டுக்காரர் முதலில் இறங்கி, என் பக்கம் கையை நீட்டினார்.

"குடு."

நான் மாமனாரைப் பார்த்துத் தயங்கினேன்.

"குடு புள்ளய" என்றார் அவர் மறுபடியும்.

கொடுத்தேன். பையன் சிணுங்கி நெளிந்தான். அவர் விடவில்லை. அத்தனை பேர் எதிரிலும் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் போனார். "டேய், அப்பா இருக்காருடா" என்று மாமியார் கிசுகிசுத்தார். மாமனார் கோபக்காரர். ஒரு சொல் தப்பாக வந்தால், இவர் இனி ஜென்மத்துக்கும் பிள்ளையைத் தொட மாட்டார்.

மாமனார் கிட்டே வந்து நின்று பார்த்தார்.

"இன்னாடா புடிக்கிற? தல தொங்குது பாரு. தோள்ல சாச்சிப் போட்டுக்கோ" என்றார். பிறகு யாரிடமோ சொல்வதுபோல மெதுவாக, "உன்ன நான் ஒருநாள்கூட இப்படித் தூக்கினது இல்லடா."

மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பையன் உடனே ஒட்டிவிடவில்லை. என் வீட்டுக்காரர் தூக்கினாலே அழுதான். அவரும் சளைக்கவில்லை. காளைகளைக் காட்டினார், கரும்புத் துண்டைக் கையில் கொடுத்தார், தனக்கு வராத பாட்டெல்லாம் பாடினார். தெருவில் சிலர் கேலி பேசினார்கள். ஆடி மாதத்துக்குள் அவர் தோளில் உட்கார்ந்துதான் அவன் வயலுக்கே போனான்.

அந்தப் பெண் அதைப் பார்க்க இல்லை. லீவு முடிந்து போய்விட்டாள். பஸ் ஏறும்போது, "எப்போ தூக்குவீங்கன்னு அன்னிக்கு அண்ணங்கிட்ட கேட்டியே, அதுக்கு இன்னா எழுதின?" என்று கேட்டேன். "எப்படி எழுதறதுன்னு தெரியலக்கா" என்று சிரித்தாள், கண் கலங்க. பின்னாளில் அதே பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியையானாள் என்று கேள்விப்பட்டேன்.

வெகு காலம் கழித்து ஒருதரம் இவரிடம், "அப்பா எதிர்ல தூக்க எப்படித் தைரியம் வந்தது?" என்றேன். "அந்தப் பொண்ணு கேட்டதுலேர்ந்தே உள்ள குத்திக்கினு இருந்துச்சி. ஆஸ்பத்திரில அவன் என்னப் பாத்து அழுதப்போ, இனிமே யாரு இன்னா சொன்னா இன்னான்னு ஆயிடுச்சி" என்றார்.

அவர் போய் வருடங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கு எந்தத் தெருவிலும் இளம் அப்பாக்கள் பிள்ளையைத் தோளில் சுமந்துகொண்டு போகிறார்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் மட்டும் நின்று பார்ப்பேன். அவர்களுக்குத் தானாகக் கிடைத்துவிட்ட இந்தச் சாதாரண சந்தோஷம், என் வீட்டுக்குள் எவ்வளவு பயத்தைத் தாண்டி வந்தது என்று நினைத்துக்கொள்வேன்.