கடுகளவு நாலு ஓட்டை

துணிக்கடையில் இருபத்திரண்டு வருடம் நின்றே காலம் தள்ளியவள் அவள். ஆளே வராத மத்தியானத்திலும் உட்கார்ந்தால் சூப்பர்வைசருக்குப் பொறுக்காது. வலது கால் பெருவிரல் மெல்ல மெல்லப் பக்கத்து விரல் மேல் சாய்ந்து, அதன் அடிமூட்டு எலுமிச்சங்காய் போலப் புடைத்துக்கொண்டது. கடையில் கொடுத்த கறுப்பு ஷூ அதில் உரசி உரசித் தோல் கன்றிப்போகும். ஒருநாள் மாடிப்படி ஏறவே முடியாமல் போனபோதுதான் டாக்டரிடம் போனாள்.

"பெருசா கிழிக்க மாட்டோம்மா. நாலு சின்ன ஓட்டை. அது வழியா எலும்பை வெட்டி, நேராக்கி, ரெண்டு திருகாணி போட்டுடுவோம்" என்றார் டாக்டர். அதற்குப் பிறகு அவர் சொன்ன ஆறு வார ஓய்வு அவள் காதில் தங்கவில்லை. சின்ன ஓட்டைதானே என்று கடையில் பத்து நாள் லீவு மட்டும் சொல்லிவைத்தாள்.

ஆபரேஷன் முடிந்து வந்தபின் வீட்டிலும் அந்த ஓட்டைதான் வினையாயிற்று. கட்டு மாற்றும்போது எட்டிப் பார்த்த நாத்தனார் சிரித்துவிட்டாள்.

"என்ன அண்ணி, கொசு கடிச்ச மாதிரி இருக்கு! இதுக்கா காலுக்கு ரெண்டு தலகாணி? மகாராணிதான் போங்க!"

புருஷனும் சேர்ந்து சிரித்தான். அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. ஆறாம் நாள் எழுந்துபோய் அடுப்படியில் மூன்று மணி நேரம் நின்றாள். சாயங்காலம் கால் பூசணிக்காயாக வீங்கி, கட்டுத்துணியில் ரத்தம் கசிந்தது.

மறுநாள் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் டாக்டர். "ஆணி தாங்கிடுச்சு, உங்க நல்ல நேரம். இன்னொரு தடவை இப்படி நின்னா எலும்பு நகர்ந்துடும். வெளியிலதாம்மா சின்னது. உள்ள எலும்பையே வெட்டியிருக்கு."

வீட்டுக்கு வந்து சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள்.

"ஆறு வாரமா? நீங்க அனுப்பின கால் போட்டோவைப் பார்த்தேனே. பேனா முனை குத்தின மாதிரி இருக்கு."

"உள்ள எலும்பு வெட்டியிருக்கு சார்."

"கூட்டம் வர்ற நேரம்மா. உங்க கவுண்டருக்கு வேற ஆளைப் போட்டுடுவேன். அப்புறம் வந்து கேக்கக் கூடாது."

அந்தக் கவுண்டரில் எந்தத் தட்டில் எந்த நிறம் என்று திரும்பிப் பார்க்காமலே எடுத்துப் போடுவாள் அவள்.

"போட்டுக்கங்க சார்" என்றாள்.

போனை வைத்ததும் அழுகை வரும் என்று நினைத்தாள். அசதிதான் வந்தது. டாக்டர் சொன்னதைக் கேட்டதிலிருந்து முகம் செத்துப்போயிருந்த நாத்தனார் அடுப்படியிலிருந்து மெதுவாகக் கேட்டாள்: "அண்ணி, குக்கர் மூடி எங்க இருக்கு?"

"அங்கதான் எங்கயாவது இருக்கும், தேடு" என்று சொல்லிவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.